மூன்று மூட்டை யூரியா எங்கே போகிறது?

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அப்பாவிடமிருந்து இரண்டு ஏக்கரை வாங்கிச் செய்ய ஆரம்பித்து இது மூன்றாவது வருடமாம். குறுவைக்கு ஏக்கருக்கு மூன்று மூட்டை யூரியா போகிறது. காய்ச்சலும் பாய்ச்சலுமாக, அதாவது வயலை லேசாகக் காயவிட்டுக் காயவிட்டுத் தண்ணீர் கட்டினால், வயலிலிருந்து கிளம்பிப் பூமியைச் சூடாக்கும் மீத்தேன் வாயு குறையும் என்று ஒருவர் சொன்னாராம். அப்படிச் செய்தால் நைட்ரஸ் ஆக்சைடு கூடிவிடும், அது மீத்தேனைவிட மோசம் என்று இன்னொருவர் பயமுறுத்தினாராம். பேசாமல் முழுக்க இயற்கை உரத்துக்கு மாறிவிட்டால் இந்தக் கணக்கெல்லாம் வேண்டாமல் போகுமா என்பது கேள்வி.

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காய்ச்சலும் பாய்ச்சலும் செய்யுங்கள். நைட்ரஸ் ஆக்சைடு கொஞ்சம் கூடும், உண்மைதான். ஆனால் மீத்தேனில் மிச்சமாவது அதைவிட அதிகம். அந்த மிச்சம் நிலைப்பதற்கு ஒரு நிபந்தனை உண்டு: யூரியா போடும் நாளைத் தண்ணீர் பாயும் நாளோடு சேர்த்து முடிவு செய்ய வேண்டும். இயற்கை உரத்துக்கு மாறினால் கணக்கு வேறு பக்கத்துக்குப் போகும், தீர்ந்துவிடாது. இனி விவரமாக.

ஒரு மூட்டை யூரியா 45 கிலோ. அதில் தழைச்சத்து (நைட்ரஜன்) நூற்றுக்கு 46, அதாவது மூட்டைக்கு 20.7 கிலோ. மூன்று மூட்டை என்றால் 62 கிலோ. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் டெல்டா நெல்லுக்குச் சொல்லும் அளவு ஹெக்டேருக்கு 150 கிலோ, ஏக்கருக்கு 60 கிலோ பக்கம். ஆக நீங்கள் போடுவது அளவுக்கு மீறியது என்று சொல்ல முடியாது. ஆனால் டிஏபி ஒரு மூட்டை அடியுரமாகப் போட்டிருந்தால் அதிலேயே 9 கிலோ தழைச்சத்து வந்துவிடுகிறது. அதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

தேங்கிய தண்ணீரில் வீசும் யூரியாவில் பயிர் எடுத்துக்கொள்வது நூற்றுக்கு 30 முதல் 40 வரைதான். மூன்று மூட்டையில் ஏறக்குறைய ஒன்றுதான் பயிருக்கு. மீதியில் கொஞ்சம் மண்ணில் தங்கும், கொஞ்சம் வடிகாலில் போகும், பெரும் பங்கு காற்றில் போகும். காற்றில் போவதும் ஒரே வழியில் போவதில்லை. இரண்டு வழி, இரண்டுக்கும் குணம் வேறு. இதைப் பிரித்துப் புரிந்துகொண்டால் மீதியெல்லாம் தானாக விளங்கும்.

முதல் வழி அம்மோனியா. யூரியா தண்ணீரில் கரைந்ததும் மண்ணிலும் பாசியிலும் உள்ள யூரியேஸ் என்ற நொதி அதை இரண்டு மூன்று நாளிலிருந்து ஒரு வாரத்துக்குள் அம்மோனியமாக மாற்றிவிடும். அம்மோனியம் மண்ணில் ஒட்டிக்கொண்டால் நமக்கு லாபம். தண்ணீரிலேயே மிதந்தால், தண்ணீரின் காரத்தன்மையைப் பொறுத்து அது அம்மோனியா வாயுவாகும். 30 டிகிரி வெப்பத்தில், காரத்தை அளக்கும் பிஹெச் எண் 7 என்றால் நூற்றுக்கு ஒரு பங்குகூட வாயுவாக இருக்காது. பிஹெச் 8 என்றால் ஏழெட்டுப் பங்கு. பிஹெச் 9 என்றால் கிட்டத்தட்டப் பாதி.

வயல் தண்ணீர் எங்கே 9-க்குப் போகப்போகிறது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஒரு குறுவையில் நட்டுப் பதினைந்து நாள் ஆன வயலில் பிஹெச் தாளை நனைத்துப் பார்த்தேன். காலை ஆறரை மணிக்குத் தாள் பச்சை, ஏழரைப் பக்கம். அதே வரப்பில் உட்கார்ந்து மதியம் இரண்டு மணிக்கு நனைத்தேன். தாள் நீலத்துக்கு ஓடிவிட்டது, 9-ஐத் தாண்டியிருந்தது. காரணம் பாசி. நட்ட புதிதில் பயிர் இன்னும் மூடவில்லை, வெயில் நேராகத் தண்ணீரில் விழுகிறது, பாசி கொழிக்கிறது. பகலெல்லாம் அது தண்ணீரில் கரைந்த கரியமில வாயுவை இழுத்துக்கொள்வதால் தண்ணீர் காரமாகிறது. ராத்திரி மறுபடி இறங்குகிறது. நாமோ முதல் மேலுரத்தைச் சரியாக இந்தப் பருவத்தில், காலை பத்து மணிக்கு ஆள் வந்ததும், நாலு விரல் தண்ணீரில் வீசுகிறோம். மூன்றாம் நாள் மதியம் காற்று நின்ற நேரத்தில் வரப்பில் நடந்தால் மூக்கில் லேசாக ஏறும். 266 ரூபாய் மூட்டை அப்படித்தான் போகிறது. அரசு கொடுக்கும் மானியம் அதைவிடப் பல மடங்கு. அதுவும் சேர்ந்தே போகிறது.

இந்த அம்மோனியா நேரடியாக வெப்பவாயு இல்லை. ஆனால் பக்கத்து வயலிலோ குளத்திலோ போய் இறங்கும். இறங்கிய தழைச்சத்தில் நூற்றுக்கு ஒரு பங்கு நைட்ரஸ் ஆக்சைடாக மாறும் என்பது ஐ.நா.வின் பருவநிலை அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி. வைத்திருக்கும் பொதுக் கணக்கு.

வேப்பெண்ணெய் பூசிய யூரியாதானே வருகிறது, அது தடுக்காதா என்று கேட்பார்கள். 2015-லிருந்து நாட்டில் விற்கும் யூரியா முழுவதும் வேப்பம் பூசியதுதான். ஆனால் வேம்பு தடுப்பது அம்மோனியம் நைட்ரேட்டாக மாறும் அடுத்த கட்டத்தை. அம்மோனியா ஆவியாவதை அது தடுப்பதில்லை. பூட்டு நல்ல பூட்டுதான், பூட்டியது கொல்லைக் கதவை.

இரண்டாவது வழி அந்த நைட்ரேட். வயல் காயும்போது மண்ணுக்குள் காற்று போகிறது. நுண்ணுயிர்கள் அம்மோனியத்தை நைட்ரேட்டாக்கிவிடுகின்றன. மறுபடி தண்ணீர் கட்டியதும் காற்று நின்றுபோகிறது; வேறு நுண்ணுயிர்கள் அந்த நைட்ரேட்டிலிருந்து பிராணவாயுவை உருவிக்கொண்டு மிச்சத்தை வெறும் நைட்ரஜனாகக் காற்றில் விடுகின்றன. வேலை முழுதாக முடிந்தால் தீங்கில்லை, நமக்குப் பண நஷ்டம் மட்டும். பாதியில் நின்றால் வெளிவருவது நைட்ரஸ் ஆக்சைடு. ஒரு கிலோ நைட்ரஸ் ஆக்சைடு நூறு வருடக் கணக்கில் 273 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். மீத்தேன் 27. உங்களைப் பயமுறுத்தியவர் இந்த இரண்டு எண்ணை மட்டும் பார்த்திருக்கிறார். எத்தனை கிலோ வெளிவருகிறது என்று பார்க்கவில்லை.

பார்த்துவிடுவோம். மீத்தேன் என்றதும் நம் பக்கத்தில் குழாய் இறக்கும் திட்டங்கள்தான் ஞாபகம் வரும். மன்னார்குடியும் 2017 நெடுவாசலும் பார்த்த ஊர்க்காரர்களுக்கு அந்தச் சொல்லே ஆகாது. இது அந்த மீத்தேன் இல்லை. காற்றுப் போகாத சேற்றில் தாளும் வேரும் மக்கும்போது நுண்ணுயிர்கள் உண்டாக்குவது. நட்டு ஒரு மாதமான வயலில் இறங்கி நடந்தால் கால் வைத்த இடத்தில் குமிழ் குமிழாக வரும், பார்த்திருப்பீர்கள். அது கொஞ்சம்தான், பெரும்பகுதி நெற்பயிரின் உள்குழல் வழியாகவே, புகைபோக்கியில் போகிற மாதிரி, வெளியே போகிறது.

ஐ.பி.சி.சி. 2019-ல் திருத்திய கணக்குப்படி, தெற்காசியாவில் எப்போதும் தண்ணீர் நிற்கும் வயல் ஹெக்டேருக்கு நாளொன்றுக்கு 0.85 கிலோ மீத்தேன் விடும். நட்ட பின் 90 நாள் குறுவைக்கு ஏக்கர் கணக்கில் 31 கிலோ. கரியமில வாயுவுக்கு ஈடாக 840 கிலோ. பலமுறை காயவிட்டுப் பாய்ச்சினால் இது 0.55 பங்காகும், அதாவது 460 கிலோ. மிச்சம் 380 கிலோ. நைட்ரஸ் ஆக்சைடு பக்கம்: தண்ணீர் நிற்கும் வயலில் போட்ட தழைச்சத்தில் 0.3 சதவீதம், காயவிட்டால் 0.5 சதவீதம். நம் 60 கிலோவுக்கு முன்னது 77 கிலோ ஈடு, பின்னது 130 கிலோ. கூடுவது 50 கிலோ பக்கம். 380 மிச்சத்துக்கு எதிரே 50 செலவு. அவ்வளவுதான். இவை பொதுக் கணக்கின் சராசரிதான், உங்கள் வயலில் அளந்தவை அல்ல. ஆனாலும் எந்தப் பக்கம் கனம் என்று சொல்லப் போதும்.

இதற்கு மறுபக்கம் ஒன்று உண்டு. 2018-ல் தென்னிந்திய வயல்களில் நேரடியாக அளந்து வெளியான ஓர் ஆய்வில், மிகவும் காயவிட்ட சில வயல்களில் ஒரு பருவத்துக்கு ஹெக்டேருக்கு 33 கிலோ வரை நைட்ரஸ் ஆக்சைடு வந்ததாகச் சொன்னார்கள். அப்படி வந்தால் மேலே போட்ட கணக்கே தலைகீழ். அந்த எண்ணைப் பற்றி ஆராய்ச்சியாளர்களுக்குள்ளேயே சச்சரவு நடந்தது. என் கருத்து: வெடிப்பு விடும்வரை காயப்போட்டு, நடுவில் யூரியாவும் வீசினால், அவ்வளவு இல்லாவிட்டாலும் அந்தத் திசையில்தான் போகும். லேசாகக் காயவிடுவது வேறு, வறளவிடுவது வேறு.

எவ்வளவு லேசாக? 15 சென்டிமீட்டர். ஒரு அடி நீளப் பிவிசி குழாய், கையை உள்ளே விடுகிற அகலம், கீழ்ப்பாதியில் சுற்றிலும் துளை. துளை உள்ள பாதியை மண்ணுக்குள் இறக்கி உள்ளே இருக்கும் சேற்றை வழித்துவிடுங்கள். குழாய்க்குள் தண்ணீர் தரைமட்டத்துக்கு 15 சென்டிமீட்டர் கீழே இறங்கியதும் பாய்ச்சல். மேலே மண் காய்ந்தது போலத் தெரியும், வேர் ஈரத்தில்தான் இருக்கும். நட்ட முதல் பத்துப் பதினைந்து நாள் களைக்காகத் தண்ணீர் நிற்கட்டும். பூக்கும் சமயத்தில், அதற்கு முந்தைய வாரமும் பிந்தைய வாரமும், காயவிடக் கூடாது, பதர் விழும்.

இப்போது யூரியா. காய்ச்சலின் கடைசி நாளில், பாய்ச்சுவதற்குச் சற்று முன்னால் போடுங்கள். மண் ஈரமாக இருக்க வேண்டும், மேலே தண்ணீர் நிற்கக் கூடாது. சாயங்காலம் வீசிவிட்டு உடனே மடையைத் திறங்கள். யூரியா கரைந்ததும் எந்த மண்ணோடும் ஒட்டாது, தண்ணீர் போகும் இடத்துக்குப் போகும். ஆகவே இறங்கும் தண்ணீர் அதை வேர் மட்டத்துக்கு இழுத்துக்கொண்டு போய்விடும். அங்கே அம்மோனியமானால் களிமண் பிடித்துக்கொள்ளும். மதிய வெயிலும் பாசியும் அதைத் தொட முடியாது. பிறகு ஐந்தாறு நாளாவது தண்ணீர் நிற்கட்டும், பயிர் எடுத்துக்கொள்ள. யூரியா போட்ட மறுநாள் தண்ணீரை வடிப்பதும், போட்டுவிட்டு நீண்ட காய்ச்சலுக்கு விடுவதும்தான் செய்யவே கூடாதவை. முதலாவதில் உரம் வடிகாலுக்கு, இரண்டாவதில் நைட்ரேட்டாகிக் காற்றுக்கு.

இதைப் பட்டுத்தான் கற்றேன். ஒரு சம்பாவில் ஐப்பசிக் கடைசியில் இரண்டாம் மேலுரம் போட்டேன். வானம் மூடியிருந்தது, ஆள் கிடைத்த நாளை விட மனசு வரவில்லை. அன்று ராத்திரி பிடித்த மழை மூன்று நாள். வரப்பு தெரியாமல் தண்ணீர் ஓடியது. மூன்று மாவுக்கு (ஏறக்குறைய ஒரு ஏக்கருக்கு) போட்டது முழுக்க வடிகால் வழியாகக் கடலுக்குத்தான் போயிருக்கும். சம்பாவில் காய்ச்சல் பாய்ச்சலெல்லாம் நம் கையில் இல்லை. ஐப்பசி கார்த்திகையில் வடியவிட முடிந்தாலே பெரிய காரியம். கடைமடையில் அதுவும் இல்லை. அதனால் சம்பாவில் உரத்தை இன்னும் சின்னச் சின்னக் கைகளாகப் பிரிப்பதைத் தவிர வழியில்லை. காய்ச்சலும் பாய்ச்சலும் பம்புசெட் உள்ள குறுவைக்காரருக்குச் சுலபம். ஆற்றுப் பாசனத்தில் முறை வைத்துத் தண்ணீர் விடும்போது அது தானாகவே நடக்கிறது, ஆனால் நாள் நம்முடையது இல்லை. பம்புசெட்காரருக்கு மின்சாரம் இலவசம் என்பதால் மோட்டாரை நிறுத்தத் தோன்றாது என்பது இன்னொரு சங்கதி, அதை இங்கே பேச வேண்டாம்.

அளவுக்கு வருவோம். நாள் கணக்கு பார்த்துப் போடுவதை விட்டு, பச்சையின் அடர்த்தியை எண் போட்டுக் காட்டும் இலை வண்ண அட்டை பார்த்துப் போடுங்கள். நட்டு 14 நாளிலிருந்து வாரம் ஒருமுறை, காலை எட்டிலிருந்து பத்துக்குள், வெயில் இலையில் படாமல் உங்கள் நிழலில் வைத்து, உச்சியில் முழுதாக விரிந்த இலையை அட்டையோடு ஒப்பிடுங்கள். பத்து இலையில் ஆறு இலை அட்டையின் 4-க்குக் கீழே இருந்தால் குறுவையில் ஹெக்டேருக்கு 35 கிலோ தழைச்சத்து. ஏக்கருக்கு யூரியாவாக 30 கிலோ. வெள்ளைப் பொன்னி ரகத்துக்கு 3 போதும். 4 இருந்தால் அந்த வாரம் மூட்டையைப் பிரிக்காதீர்கள். பக்கத்து வயல் கரும்பச்சையாக நிற்கிறதே என்று மனசு அரிக்கும். கரும்பச்சை இலைக்குத்தான் இலைச்சுருட்டுப் புழுவும் புகையானும் முதலில் வரும். அட்டை பார்ப்பவர்கள் பெரும்பாலும் அடியுரத்தில் போடும் யூரியாவைத்தான் முதலில் கைவிடுகிறார்கள், சரியாகவும் செய்கிறார்கள்: நட்ட பயிர் வேர் பிடிக்கும்வரை அதற்குத் தழைச்சத்து அதிகம் தேவைப்படாது. கதிர் உருவாகும் பருவத்தில் போடுவது வீணாவதும் குறைவு. பயிர் மூடி நிழல் விழுந்திருக்கும், மேல் மண்ணெல்லாம் வேராக இருக்கும், விழுந்ததும் உறிஞ்சிக்கொள்ளும்.

ஐந்து பங்கு யூரியா, நான்கு பங்கு ஜிப்சம், ஒரு பங்கு வேப்பம்புண்ணாக்குத் தூள் கலந்து ஒரு ராத்திரி வைத்துப் போடுவது பழைய சிபாரிசு. இன்றும் நல்லதுதான். அசோலா என்ற மிதக்கும் பெரணியை வளர்த்து விட்டால் தண்ணீரை மூடிப் பாசியின் வெயிலைத் தடுத்துவிடும், பிஹெச் ஏறாது, அம்மோனியா போவது குறையும். அதன் பங்குக்குக் காற்றிலிருந்து தழைச்சத்தும் பிடித்துத் தரும். காயவிடும் வயலில் அது நிற்காது என்பதுதான் சங்கடம்.

அப்புறம் அந்த அரை லிட்டர் நானோ யூரியா. ஒரு பாட்டில் ஒரு மூட்டைக்குச் சமம் என்று 2021-லிருந்து கேட்கிறோம். அப்போது வந்த பாட்டிலில் 4 சதவீதம், அதாவது 20 கிராம் தழைச்சத்து. மூட்டையில் 20 கிலோ. இலைவழி தெளிப்புக்கு ஒரு பயன் இருக்கலாம். ஆயிரம் மடங்கு வித்தியாசத்தை அது எப்படி அடைக்கும் என்று எனக்கு விளங்கவில்லை.

இனி இயற்கை உரம். நம்மாழ்வார் நடந்த மண் இது, மாப்பிள்ளைச் சம்பாவும் தூயமல்லியும் திரும்பி வந்த மண். யூரியா இல்லை என்றால் மூட்டையோடு வரும் கரியமில வாயு இல்லை, அம்மோனியா பெருமளவு குறையும். உயரமான பாரம்பரிய ரகங்கள் குறைந்த தழைச்சத்திலேயே நிற்கும். அதிகம் போட்டால் சாய்ந்துவிடும். இதெல்லாம் லாபம். ஆனால் மீத்தேனுக்குத் தீனி கரிமம். சேற்றில் எதைப் பச்சையாக அமுக்கினாலும் அதற்குக் கொண்டாட்டம்.

ஐ.பி.சி.சி. கணக்கில், நடுவதற்கு 30 நாளுக்குள் மடக்கிய புது வைக்கோலின் தாக்கத்தை 1 என்று வைத்தால், முப்பது நாளுக்கு முன்பே மடக்கியது 0.19. மக்கிய கம்போஸ்ட் 0.17, தொழுவுரம் 0.21, பசுந்தாள் 0.45. வைக்கோல் உலர்ந்த எடையில், மற்றவை ஈர எடையில். இதை நம் பருவங்களோடு வைத்துப் பாருங்கள். தை மாசியில் அறுத்த தாளைக் கோடை உழவில் மடக்கினால் ஆனிக்குள் காற்றோட்டத்திலேயே மக்கிவிடும். தொந்தரவு குறுவைக்கும் தாளடிக்கும் நடுவில்தான். தாளில் நடுவதால்தான் அதற்குத் தாளடி என்று பெயர். குறுவையை அறுவடை வண்டி அறுத்துப்போட்ட தாளை அப்படியே சேற்றில் மடக்கிப் பத்து நாளில் நடுகிறோம். மீத்தேன் ஒருபக்கம். மக்கும் தாள் மண்ணிலுள்ள தழைச்சத்தை இழுத்துக்கொள்வதால் நாற்று மஞ்சளடிக்கும். உடனே இன்னொரு கை யூரியா விழும், பாசித் தண்ணீரில், பட்டப்பகலில். 'அடி காட்டுக்கு, நடு மாட்டுக்கு, நுனி வீட்டுக்கு' என்ற கணக்குப்படி வைக்கோலைக் கட்டி எடுத்துவிட்டுக் கட்டையை மட்டும் விட்டாலே பாதிப் பிரச்சினை தீரும்.

பசுந்தாளை வேண்டாம் என்று சொல்லவில்லை, விதைக்கவே சொல்வேன். சம்பா அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னால் ஈரத்தில் உளுந்து தெளிக்கிறோம். உளுந்து முடிந்து சித்திரை, வைகாசியில் நிலம் சும்மா கிடக்கிறது. கோடை மழை ஒன்றிரண்டு விழும். அந்த ஈரத்தில் மண்ணுக்குள் நைட்ரேட் சேர்ந்துகொண்டே இருக்கும், கண்ணுக்குத் தெரியாத சேமிப்பு. மேட்டூர் திறந்து முதல் தண்ணீர் ஏறியதும் இரண்டு வாரத்தில் அது மொத்தமும் காற்றில் போய்விடும், ஒரு பகுதி நைட்ரஸ் ஆக்சைடாக. சித்திரையில் தக்கைப்பூண்டோ சணப்போ விதைத்திருந்தால் அந்த நைட்ரேட்டை வேர் இழுத்துச் செடியில் வைத்துக்கொள்ளும். 45 நாளில் மடக்கினால் திரும்ப வயலுக்கே. மடக்கியதும் உடனே தண்ணீரைத் தேக்காமல் ஒரு வாரம் ஈரத்தில் மக்கவிட்டு நடுங்கள்; முதல் மேலுரத்தை அட்டை சொல்லும்வரை தள்ளிப்போடுங்கள். ஆட்டுக்கிடை போடுபவர்களுக்கும் இதே மாதிரி ஒரு சொல்: கிடை எழுந்த அன்றே மேலாக ஓர் உழவு ஓட்டிவிடுங்கள். வெயிலில் இரண்டு நாள் கிடந்தால் மூத்திரத்தின் சத்து, யூரியா போகும் வழியிலேயே போய்விடும்.

பட்டுக்கோட்டை, ஒரத்தநாடு பக்கம் புதாற்று (கல்லணைக் கால்வாய்) பாசனச் செம்மண்ணில் நைட்ரேட் கீழேயும் இறங்கும், கிணற்றுத் தண்ணீருக்குப் போகும். உங்கள் மன்னார்குடிக் களியில் அந்தக் கவலை குறைவு.

இரண்டு ஏக்கரையும் ஒரே வருடத்தில் மாற்ற வேண்டாம். வரும் குறுவையில் ஒரு மூன்று மாவில் குழாய் இறக்கி, அட்டை பார்த்துச் செய்யுங்கள், மற்றதில் அப்பா செய்தபடி. எத்தனை கிலோ யூரியா போயிற்று, எத்தனை மூட்டை நெல் வந்தது என்று இரண்டையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். குழாயின் வாயில் கொசுவலைத் துண்டு ஒன்று கட்டிவிடுங்கள். என் முதல் குழாயில் நண்டு குடியேறி, அது தோண்டிய வளை வழியாகத் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. வயல் காய்ந்திருக்கிறது, குழாயில் மட்டும் தண்ணீர் நிற்கிறதே என்று நான் நான்கு நாள் குழம்பிக்கொண்டிருந்தேன்.